டிஸ்பிளே கிளாம்ப் உடைந்து ஒயரில் தொங்குகிறது: ஃபெவிக்விக் போதுமா?

கேள்வி: ஜூன் 8, 2024

எலெக்ட்ரிக் சைக்கிள் வாங்கி ஒன்றரை வருடம் ஆகிறது. ஹேண்டில்பார் நடுவில் இருக்கும் டிஸ்பிளேயின் பிளாஸ்டிக் கிளாம்ப் ஒரு பக்கம் உடைந்து, டிஸ்பிளே ஒயரில் தொங்குகிறது. வண்டி ஓடுகிறது, வேகம், பேட்டரி எல்லாம் காட்டுகிறது. ஃபெவிக்விக் போட்டால் நிற்குமா? கடையில் கேட்டால் முழு டிஸ்பிளேயாகத்தான் வரும், கிளாம்ப் மட்டும் தனியாகக் கிடைக்காது என்கிறார்கள்.

பதில்: ஜூன் 8, இரவு

நிற்கும். என் வண்டியிலும் இதே கிளாம்ப் உடைந்து ஒட்டினேன், மூன்று வாரமாக நிற்கிறது.

கோயம்புத்தூரில் சிங்காநல்லூரிலிருந்து ஹோப்ஸ் வரை காமராஜர் சாலையில் தினமும் போய் வருகிறேன். அந்தச் சாலையின் வேகத்தடைகளை எண்ணிப் பார்த்தவர்கள் இதற்கு மேல் சான்றிதழ் கேட்கமாட்டார்கள்.

உடைந்த இரண்டு முகத்தையும் ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்துக் காயவிடுங்கள். முதலில் பசையில்லாமல் பொருத்திப் பாருங்கள், துண்டு எதுவும் காணாமல் போயிருந்தால் அப்போதே தெரிந்துவிடும். பிறகு ஒரே ஒரு சொட்டு. அழுத்திப் பிடித்து, ஒட்டியதும் வெளிப்பக்கத்தை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, அதன்மேல் சமையல் சோடாவைத் தூவி, சோடாவின்மேல் மீண்டும் பசை விடுங்கள். சுர்ரென்று சூடாகி, லேசாகப் புகைந்து, கல்போல இறுகிவிடும். முகத்தைக் கிட்டே வைத்துக்கொண்டு வேடிக்கை பார்க்காதீர்கள், கண் எரியும். சோடா பசையை உடனே இறுக வைக்கிறது, இடைவெளியையும் நிரப்பிவிடுகிறது. மொத்தச் செலவு பத்து ரூபாய். சோடா வீட்டு அடுப்படியில் இருக்கும், கேட்டுவிட்டு எடுங்கள்.

ஜூன் 9

நேற்று எழுதியதில் முக்கியமான ஒன்றை விட்டுவிட்டேன். பசை டப்பாவைத் திறப்பதற்கு முன்னால் டிஸ்பிளேயைக் கழற்றி எடுத்துவிடுங்கள். தொங்க விட்டுக்கொண்டே ஒட்டப் பார்த்தால் கண்ணாடிமேல் ஒரு சொட்டு விழும். என்னுடையதில் பேட்டரிக் கட்டம் இருக்கும் மூலையில் விழுந்திருக்கிறது. இப்போது எந்நேரமும் அரை சார்ஜ் இருப்பதுபோலவே தெரிகிறது.

கழற்றும் முறை: வண்டியை ஆஃப் செய்து, பேட்டரியையும் சாவி போட்டு வெளியே எடுத்துவிடுங்கள். டிஸ்பிளே ஒயரில் வருவது வெறும் சிக்னல் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். மிட் மோட்டார் (பெடலருகே மோட்டார்), ஹப் மோட்டார் (சக்கரத்தின் நடுவே மோட்டார்) வண்டிகள் பலவற்றில் அந்த ஒயருக்குள் இருக்கும் ஐந்து கம்பியில் ஒன்றில் பேட்டரியின் முழு வோல்டேஜும் வருகிறது. 36 வோல்ட் பேட்டரி முழுதாக ஏறியிருந்தால் 42 வோல்ட். அதை பக்கத்து பின்னோடு உரசவிட்டால் டிஸ்பிளேயோடு, மோட்டாரை இயக்கும் கன்ட்ரோலரும் சேர்ந்து போகலாம்.

விரல் நுனி அளவில் இருக்கும் வட்ட கனெக்டரை நேராக இழுக்க வேண்டும். பாட்டில் மூடி மாதிரி திருகக் கூடாது, உள்ளே இருக்கும் பின் முடிபோல மெல்லியது, வளைந்துவிடும். இரண்டு பக்கமும் சின்ன அம்புக்குறி இருக்கும். திரும்ப மாட்டும்போது அம்பும் அம்பும் நேருக்கு நேர் வர வேண்டும்.

டிஸ்பிளே இல்லாமலே ஓட்டலாமே என்று ஒருவர் கேட்டிருந்தார். பெடல் மிதித்து ஓட்டலாம், சைக்கிள்தானே. மோட்டார் வராது. பெரும்பாலான வண்டிகளில் ஆன் செய்யும் பட்டனே டிஸ்பிளேயில்தான் இருக்கிறது. தொங்கும் ஒயர் இழுபட்டு கனெக்டர் அரைகுறையாகக் கழன்றால் பஃபாங் மோட்டார் வண்டிகளில் 30 என்ற எரர் வரும், டிஸ்பிளேயும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்ளவில்லை என்று அர்த்தம். உங்களுடையது ஒயரில் தொங்குகிறது என்கிறீர்கள். பசை இருக்கட்டும், இன்றைக்கே ஒரு பிளாஸ்டிக் டேக்கால் ஸ்டெம்மோடு (ஹேண்டில்பாரை நடுவில் பிடித்திருக்கும் தண்டு) சேர்த்துக் கட்டிவையுங்கள்.

ஜூன் 15

உடைந்துவிட்டது.

ஜூன் 15, ராத்திரி

சரி, விவரமாகவே சொல்கிறேன். காலையில் பெயின்ட் அடிக்காத வேகத்தடை ஒன்று, பார்க்கவில்லை. டொக் என்று சத்தம். டிஸ்பிளே முன்பக்கமாகக் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டிருந்தது. மீதி மூன்று கிலோமீட்டரும் இடது கையால் அதைப் பிடித்துக்கொண்டே போனேன், செய்யக் கூடாத வேலை.

ஒட்டிய இடம் அப்படியே இருக்கிறது! அதற்குப் பக்கத்தில், முன்பு நல்லாயிருந்த இடத்தில் உடைந்திருக்கிறது. பசையைக் குறை சொல்லி ஒன்றுமில்லை. சோடாவும் பசையும் சேர்ந்து கல்லாகிவிட்டன. கல் வளையாது, எனவே அதிர்ச்சி அடுத்த இடத்துக்குப் போய்விட்டது. ஓட்டை வேட்டியில் கெட்டித் துணி வைத்துத் தைத்தால் தையலுக்குப் பக்கத்தில் கிழியுமே, அதேதான்.

மூன்று வாரம் நின்றதை வைத்து 'நிற்கும்' என்று அடித்துச் சொன்னேன். அந்த வார்த்தையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். கேட்டவர் ஏற்கெனவே ஒட்டியிருந்தால் வேகத்தடையில் மெதுவாகப் போங்கள்.

ஜூன் 16

ஞாயிற்றுக்கிழமை, வேறு வேலையில்லை. உடைந்த துண்டுகளை ஜன்னலோரம் வைத்து பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இரண்டு விஷயம் தெரிந்தது.

ஒன்று, இது எந்தப் பிளாஸ்டிக் என்பது. உள்பக்கத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டிருப்பார்கள். ஏபிஎஸ், பிசி, பிஏ66 இப்படி ஏதாவது. என்னுடையதில் பிஏ66, அதோடு ஜிஎஃப்30. அதாவது நைலான், அதில் முப்பது சதவீதம் கண்ணாடி நார். உறுதியான சரக்குதான், ஆனால் நைலானில் பசை அவ்வளவாகப் பிடிக்காது. ஏபிஎஸ் ஆக இருந்தால் அசிட்டோனில் அதே பிளாஸ்டிக் துகளைக் கரைத்துக் கூழாக்கித் தடவலாம், இரண்டும் கரைந்து ஒன்றாகிவிடும். பிசி என்கிற பாலிகார்பனேட்டில் அசிட்டோன் பட்டால் சின்னச் சின்ன வெடிப்பு ஓடும். ஆகவே எழுத்தைப் பார்க்காமல் நெயில் பாலிஷ் ரிமூவரைத் தூக்காதீர்கள்.

எழுத்து இல்லையென்றால் உடைந்த சிம்பு ஒன்றைக் குறடால் பிடித்து, வெளியே நின்று கொளுத்திப் பாருங்கள். நைலான் முடி கருகின வாசனை வரும். ஏபிஎஸ் கரும்புகையாக, பறக்கும் கரியோடு எரியும். தண்ணீரில் போட்டு மிதந்தால் பாலிப்ரொப்பிலீன் வகை. அதை ஒட்டும் ஆசையையே விட்டுவிடலாம்.

இன்னொன்றுதான் சுவாரசியம். நேற்று புதிதாக உடைந்த முகத்தில் பாதி பளிச்சென்று வெள்ளை, பாதி கறுப்பு. கறுப்பு என்றால் அழுக்கு, எண்ணெய், தூசி. அதாவது அந்தப் பாதி எப்போதோ விரிசல் விட்டு, மாதக்கணக்கில் ரோட்டுத் தூசியைக் குடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மீதிப் பாதிதான் கடைசி நாளில் போயிருக்கிறது. ஒரே அடியில் உடைந்தது என்று நான் நினைத்தது தப்பு.

உங்கள் துண்டையும் இப்படிப் பாருங்கள். முழுக்க வெள்ளை என்றால் ஒரே அடி. கறுப்பும் வெள்ளையும் கலந்திருந்தால் வேறு ஏதோ ஒரு காரணம் ரொம்ப நாளாக உட்கார்ந்திருக்கிறது. அதைச் சரிசெய்யாமல் எத்தனை கிளாம்ப் மாற்றினாலும் உடையும்.

ஜூன் 17

பழைய விரிசலுக்கு யார் காரணம் என்று கண்டுபிடித்துவிட்டேன். பஞ்சர் கடை. ஏப்ரலில் பின் டயர் பஞ்சர். கடைப்பையன் வழக்கப்படி சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து சீட்டின்மேலும் ஹேண்டில்பாரின்மேலும் நிறுத்தினான். சாதா சைக்கிளில் கீழே படுவது கைப்பிடியும் மணியும். நம்முடையதில் பாரைவிட உயரமாக நிற்பது டிஸ்பிளே. இருபது கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டியின் முன்பாதி அந்தச் சின்ன கிளாம்பின் தலையில்.

ஜூன் 23

பஞ்சர் கடைத் தம்பியிடம் மானசீகமாக மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

போனில் பழைய படங்களைத் தள்ளிக்கொண்டு வந்தபோது பிப்ரவரிப் படம் ஒன்று அகப்பட்டது. எங்கள் வீட்டு காம்பவுண்டுக்குள் சைக்கிள் தலைகீழாக நிற்கிறது. பக்கத்தில் எண்ணெய் டப்பா. 'செயின் சர்வீஸ் நாமே செய்தாயிற்று' என்று குடும்பக் குழுவில் பெருமையாகப் போட்ட படம். டிஸ்பிளே சிமென்ட் தரையில் முகம் குப்புறக் கிடக்கிறது. கவிழ்த்தவன் நானேதான். படத்தைப் பெரிதாக்கினால் கிளாம்ப் ஒரு பக்கமாகச் சாய்ந்திருப்பதுகூடத் தெரிகிறது. அன்றைக்குக் கண்ணில் படவில்லை.

கவிழ்த்தே ஆக வேண்டுமென்றால் இரண்டு கைப்பிடிக்கும் அடியில் ஆளுக்கொரு செங்கல் வையுங்கள், டிஸ்பிளே தரையைத் தொடாது. இல்லையென்றால் கிளாம்பின் ஸ்க்ரூவைத் தளர்த்தி டிஸ்பிளேயைச் சுழற்றிவிட்டுக் கவிழ்க்கலாம். பஞ்சருக்குக் கவிழ்க்கவே வேண்டாம். வீலைக் கழற்றாமல் டயரை ஒரு பக்கம் மட்டும் நெம்பி, டியூபை வெளியே இழுத்து, தண்ணீரில் முக்கி ஒட்டிவிடலாம். நம்மூர்க் கடைகள் காலங்காலமாக அப்படித்தான் செய்கின்றன. ஹப் மோட்டார் வண்டிக்கு அதுதான் சரியான வழி, மோட்டார் ஒயரைத் தொட வேண்டியதில்லை.

ஜூன் 29

கேட்டவர் புது கிளாம்ப் வாங்க அளவு கேட்டிருக்கிறார். கிளாம்ப் மட்டும் கிடைக்காது என்று கடையில் சொன்னது பாதி உண்மை. ஆன்லைனில் பல மாடல்களுக்கு ஜோடியாக விற்கிறார்கள். டிஸ்பிளேயின் பின்பக்கம் உள்ள ஸ்க்ரூ ஓட்டைகளுக்கு நடுவே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்துவிட்டுத் தேடுங்கள்.

டிஸ்பிளேயையே மாற்றுவதாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். பார்க்க அச்சாக அதே மாதிரி, அதே பச்சை கனெக்டர், கச்சிதமாக மாட்டிக்கொள்ளும், ஆனால் கன்ட்ரோலரோடு பேசாது. பிளக் ஒன்றாக இருப்பதால் பாஷை ஒன்றாக இருக்க வேண்டும் என்றில்லை.

அடுத்து பாரின் அளவு. கைப்பிடி மாட்டும் இடத்தில் 22.2 மில்லிமீட்டர். நடுவில் ஸ்டெம் பிடிக்கும் இடத்தில் பழைய வண்டி என்றால் 25.4, இப்போது வருவதில் பெரும்பாலும் 31.8, சில மலை சைக்கிள்களில் 35. இதென்ன கோணல்மாணலான எண் என்று தோன்றும். 22.2 என்பது முக்கால் அங்குலத்துக்கு மேலே அரைக்கால், 25.4 ஒரு அங்குலம், 31.8 ஒன்றேகால் அங்குலம். மில்லிமீட்டர் சட்டை போட்டுக்கொண்ட அங்குலங்கள்.

விஷயம் என்னவென்றால் 31.8லிருந்து 22.2க்கு பார் சரிவாக இளைத்துக்கொண்டே போகிறது. என் கிளாம்ப்பின் இடது கால் அந்தச் சரிவில் உட்கார்ந்திருந்தது. வெர்னியர் வைத்துப் பார்த்தேன், கிளாம்பின் ஒரு ஓரத்தில் 31.6, மறு ஓரத்தில் 29.9. அதாவது ஒரு விளிம்பு மட்டும்தான் பாரைப் பிடித்திருக்கிறது. ஆடுகிறதே என்று ஸ்க்ரூவை இறுக்கினேன், ஆட்டம் நிற்கவில்லை, மேலும் இறுக்கினேன். செங்கல் இல்லாமல் கவிழ்த்தது முதல் தப்பு என்றால் இது இரண்டாவது, அநேகமாகப் பெரியது. எம்4 (நான்கு மில்லிமீட்டர்) ஸ்க்ரூவுக்கு எலன் கீயின் குட்டைப் பக்கத்தை விரலால் பிடித்துத் திருப்பும் அளவு போதும். நான் நீட்டுப் பக்கத்தைப் பிடித்து, உள்ளங்கை கொடுத்து இறுக்கியிருக்கிறேன்.

மருந்து சுலபம். பழைய சைக்கிள் டியூபில் ஒரு பட்டை வெட்டி, சரிவான இடத்தில் ஒன்றரைச் சுற்று சுற்றி அதன்மேல் கிளாம்பை மாட்டுங்கள். ஸ்க்ரூவுக்கு லாக்டைட் மாதிரி மரைப் பசை போடும் பழக்கம் இருந்தால் பிளாஸ்டிக் பக்கம் வேண்டாம், ஏபிஎஸ்ஸிலும் பாலிகார்பனேட்டிலும் அது வெடிப்பு விடச் செய்யும். நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் வைத்தது) போடுங்கள்.

ஜூலை 7

3டி பிரின்ட் பற்றிப் பலர் எழுதிவிட்டீர்கள். நானும் செய்து பார்த்தேன். அக்கா பையன் காலேஜ் புராஜெக்டுக்கு வாங்கிய மெஷின், முதல் பிரதி அதில்தான், பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழையில். அழகாக வந்தது. மாட்டின மறுநாள் தளர்ந்திருந்தது, இறுக்கினேன். அடுத்த நாளும் தளர்ந்திருந்தது. வெயிலில் நின்ற வண்டி, கறுப்பு நிறம், இறுக்கிய ஸ்க்ரூ. பிஎல்ஏ 60 டிகிரிக்கே குழையத் தொடங்கிவிடும், அழுத்தத்தில் இருந்தால் அதற்கு முன்பே மெல்ல நகர்ந்துகொடுக்கும். நான்காம் நாள் வட்டம் முட்டை வடிவமாகியிருந்தது.

இரண்டாவது பிரதி பிஇடிஜி. இது 80 டிகிரி பக்கம் வரை தாங்கும். ஏஎஸ்ஏ இன்னும் நல்லது, 100 பக்கம் போகும், வெயிலுக்கும் வெளுக்காது. ஆனால் அடிக்கும்போது நாற்றம், மூடிய பெட்டி மெஷின் வேண்டும் என்று மருமகப்பிள்ளை மறுத்துவிட்டார்.

எந்த இழை போட்டாலும் படுக்கவைக்கும் விதம்தான் முக்கியம். பார் போகும் ஓட்டை மேல்நோக்கிப் பார்க்கும்படி, முறுக்கைத் தட்டில் வைப்பதுபோல் படுக்கவைத்து அடிக்க வேண்டும். அப்போது இழைகள் ஓட்டையைச் சுற்றிச் சுற்றி ஓடும். நிற்கவைத்து அடித்தால் அடுக்கு அடுக்காகக் குறுக்கே வரும், ஸ்க்ரூவை இறுக்கும்போதே அடுக்கு பிரிந்துவிடும். உள்ளே எத்தனை சதவீதம் நிரப்புவது என்று அலட்டிக்கொள்ளாமல், வெளிச்சுவரை ஐந்து சுற்று வையுங்கள்.

முறுக்கு உதாரணம் அம்மா சொன்னது. மெஷின் ஓடுவதை அரை மணி நேரம் பார்த்துவிட்டு, 'இவ்வளவு மெதுவா பிழிஞ்சா எண்ணெய் காஞ்சிடாதா?' என்று கேட்டார்.

ஜூலை 14

கோயம்புத்தூரில் இருந்துகொண்டு பிளாஸ்டிக்கோடு மல்லுக்கட்டுகிறாயே, லேத் பட்டறைக்குப் போக வேண்டியதுதானே என்று ஒருவர் போன வாரம் குத்திவிட்டார். ரோஷம் வந்து கணபதிப் பக்கம் ஒரு பட்டறைக்குப் போனேன். ஒரு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், மூலையில் பம்ப் ஷாஃப்ட் குவியல், அம்மன் படத்துக்கு மல்லிகைப்பூ.

பட்டறைக்காரர் உடைந்த துண்டை உள்ளங்கையில் வைத்து எடை பார்ப்பதுபோல் ஆட்டினார்.

"ஏனுங்க தம்பி, இதுக்கு எதுக்கு அலுமினியம்? ஹைலம் சீட்டுல அறுத்துப் போட்டா போதாதுங்களா?"

"இல்லைங்ணா, உடையவே கூடாது."

"உடையாத பொருள்னு ஒண்ணு நான் இன்னும் செஞ்சதில்லைங்க" என்று சிரித்துக்கொண்டே அலுமினியக் கட்டை ஒன்றைத் தேடி எடுத்தார்.

அவர் செய்த வரிசையைத்தான் சொல்ல வேண்டும். நானாக இருந்தால் முதலில் கட்டையை இரண்டாக அறுத்துவிட்டு அப்புறம் அரை வட்டம் குடைந்திருப்பேன். அவர் முழுக் கட்டையாகவே நாலு தாடை சக்கில் பிடித்து, டிரில் போட்டு, போரிங் டூலால் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்து 31.8க்குக் கொண்டுவந்தார். கடைசி இரண்டு வெட்டில் சுருள் நூல்போல வந்தது. பிறகு ஸ்க்ரூ ஓட்டை, கட்டை முழுசாக இருக்கும்போதே 3.3 டிரில்லால் மேலிருந்து கீழ் வரை. மேல்பாதி வரை மட்டும் அதை 4.5 ஆக்கினார். கீழ்ப்பாதியில் எம்4 டேப் இறக்கி மரை வெட்டினார், அரைச் சுற்று முன்னே, கால் சுற்று பின்னே, நடுவில் ஒரு சொட்டு மண்ணெண்ணெய். எல்லாம் முடிந்த பிறகுதான் ஹேக்ஸா பிளேடால் நடுவே பிளந்தார். பிளேடு தின்ற இடம் ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். அந்த இடைவெளிதான் இறுக்கும்போது பிடியைத் தருகிறது. முன்பே பிளந்திருந்தால் இரண்டு ஓட்டையும் நேருக்கு நேர் வந்திருக்காது.

350 ரூபாய். மாட்டினேன். மலைபோல நிற்கிறது. வேகத்தடை மேல் வேண்டுமென்றே வேகமாக ஏறிப் பார்த்தேன், அசைவில்லை.

ஜூலை 15

அப்பாவிடம் காட்டினேன். அவருடைய பழைய சைக்கிளில் முன்ஃபோர்க்கில் டைனமோ மாட்டியிருந்த இரும்புப் பட்டை கிளிப் நினைவிருக்கிறதா என்றார். இருக்கிறது. ராத்திரி சினிமா விட்டு வரும்போது டைனமோவைத் தட்டிவிட்டால் டயரில் உரசி ஙொய் என்று இரையும், மெதுவாக மிதித்தால் லைட் சுணங்கும். முப்பது வருடத்தில் அந்த கிளிப் எத்தனை தடவை வளைந்ததென்று கணக்கில்லை. வளையும், சுத்தியலால் ஒரு தட்டு, நேராகிவிடும். உடைந்ததே இல்லை.

இதற்கும் டிஸ்பிளேக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள். ராத்திரி பதினொன்றரை மணி, தூக்கம் வரவில்லை.

ஆகஸ்ட் 18

சம்பந்தம் இருக்கிறது.

இன்று மளிகைக் கடை வாசலில் சைட் ஸ்டாண்ட் மண்ணில் இறங்கி வண்டி சாய்ந்து விழுந்தது. ஓடும்போதுகூட இல்லை, சும்மா நின்ற வண்டி. ஹேண்டில்பார் ஒடிந்து திரும்பி, டிஸ்பிளேயின் மூலை நடைபாதைக் கல்லில் பட்டது. அலுமினியக் கிளாம்ப் ஒரு கீறல்கூட இல்லாமல் இருக்கிறது. டிஸ்பிளே கண்ணாடியில் குறுக்காக ஒரு விரிசல், பின்பக்க ஸ்க்ரூ காது இரண்டில் ஒன்று பிய்ந்துவிட்டது.

புரிகிறதா? இதே அடி பழைய நைலான் கிளாம்ப்பில் பட்டிருந்தால் கிளாம்ப் உடைந்திருக்கும், டிஸ்பிளே ஒயரில் தொங்கியிருக்கும், நான் இங்கே வந்து ஃபெவிக்விக் நிற்குமா என்று கேட்டிருப்பேன். நூற்றைம்பது ரூபாய்ப் பொருளைக் காப்பாற்றப் போய் நாலாயிரம் ரூபாய்ப் பொருளை உடைத்திருக்கிறேன்.

ஆகஸ்ட் 19

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். ஹேண்டில்பார் ஒடிந்தது என்று எழுதியிருக்கிறேன், பயந்துபோய் இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். பார் ஒடியவில்லை, சட்டென்று ஒடித்துத் திரும்பியது, அவ்வளவுதான்.

ஆனால் பார் என்றதும் அலுமினியத்தைக் கழற்றிப் பார்த்தேன். ஓட்டையின் கூர்விளிம்பு பாரில் வளையமாக ஒரு கோடு போட்டிருக்கிறது, நகத்தை ஓட்டினால் தடுக்கிறது. இது சரியில்லை. அலுமினியப் பாரில் விரிசல் இந்த மாதிரிக் கோட்டில்தான் தொடங்கும். கிளாம்ப் உடைந்தால் டிஸ்பிளே போகும், பார் உடைந்தால் முன்பல் போகும். கார்பன் பார் வைத்திருப்பவர்கள் உலோகக் கிளாம்ப் என்ற பேச்சையே எடுக்க வேண்டாம். பட்டறைக்காரர்மேல் தவறு இல்லை, விளிம்பை அரம் போட்டு மழுக்கிவிட்டுத் தரட்டுமா என்று கேட்டார், நான்தான் அவசரத்தில் வேண்டாம் என்றேன்.

ஆகஸ்ட் 25

ஒரு வாரமாக இதையே யோசித்துக்கொண்டிருக்கிறேன். உடையாத கிளாம்ப் கேட்டது தப்பான கேள்வி. வேகத்தடையில் ஆடக் கூடாது, அடி பட்டால் சுழல வேண்டும். இந்த இரண்டும் ஒரே ஸ்க்ரூவில் கிடைக்கும் என்பதுதான் ஜூன் மாதமே எனக்குப் பிடிபட்டிருக்க வேண்டியது.

இப்போது மாட்டியிருப்பது ஜூலையில் அடித்த அதே பிஇடிஜி பிரதி. உள்ளே டியூப் பட்டை. ஸ்க்ரூவை இறுக்கிய அளவு: டிஸ்பிளேயின் மேல்விளிம்பை ஒற்றைக் கட்டைவிரலால் சாதாரணமாக அழுத்தினால் நகராது, இரண்டு கட்டைவிரலும் கொடுத்து அழுத்தினால் பாரைச் சுற்றி மெதுவாகத் திரும்பும். ரப்பர் பிடித்துக்கொண்டே வழுக்கும். அதற்கு மேல் ஒரு கால் சுற்றுகூட வேண்டாம். ஒயரையும் பார்த்துவிடுங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பினாலும் ஒயர் விறைக்கக் கூடாது. என்னுடையதில் வலது பக்கம் திருப்பும்போதெல்லாம் ஒயர் டிஸ்பிளேயை லேசாக இழுத்துக்கொண்டிருந்தது, டேகை இரண்டு விரற்கடை தள்ளிப் போட்டதும் சரியாகிவிட்டது. ஒன்றரை வருடம் தினமும் நூறு முறை இழுத்திருக்கும். கறுப்புப் பாதிக்கு இதுவும் ஒரு பங்காளியாக இருக்கலாம்.

பிய்ந்த ஸ்க்ரூ காதுக்கு என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். டிஸ்பிளேயின் உடம்பு ஏபிஎஸ். அசிட்டோன் கூழ், ஒரு ராத்திரி அப்படியே விட்டேன். கண்ணாடி விரிசலுக்கு மேலே மொபைலுக்கு ஒட்டும் ஸ்கிராட்ச் கார்டை வெட்டி ஒட்டியிருக்கிறேன், மழைத் தண்ணீர் இறங்காமல் இருக்க. விரிசல் வேகம் காட்டும் இலக்கத்தின் நடுவே போகிறது, 18 என்றால் 13 மாதிரியும் தெரிகிறது.

நவம்பர் 10

கேட்டவர் தன் கிளாம்ப் இன்னும் ஃபெவிக்விக்கிலேயே நிற்கிறது என்று எழுதியிருக்கிறார். ஐந்து மாதம்! நான் திரும்பப் பெற்றுக்கொண்ட யோசனை எனக்குத் தவிர எல்லோருக்கும் வேலை செய்கிறது. அவருடையது ஏபிஎஸ்ஸாம், உடைந்த முகம் முழுக்க வெள்ளையாம், பாரின் நடுத்தடிப்பில்தான் உட்கார்ந்திருக்கிறதாம். அப்படியென்றால் நிற்கும், தொட வேண்டாம். ஸ்க்ரூவை மட்டும் கொஞ்சம் தளர்த்துங்கள்.

என் பக்கம்: ஐப்பசி மழையில் வண்டி இரண்டு தடவை நன்றாக நனைந்தது. எரர் 30 ஒரே ஒரு முறை வந்தது. கனெக்டரைக் கழற்றி, ஊதி, வெயிலில் வைத்து, அம்பும் அம்பும் பார்த்து மாட்டியதும் போய்விட்டது. போன வாரம் வண்டி மறுபடியும் விழுந்தது, இந்த முறை காலால் தட்டிவிட்டது நானே. டிஸ்பிளே பாரைச் சுற்றி ஒரு கால் வட்டம் திரும்பி, கீழே பார்த்துக்கொண்டு நின்றது. கையால் நிமிர்த்தி வைத்துவிட்டு மிதித்தேன்.

அலுமினியக் கிளாம்ப் என்ன ஆயிற்று என்று கேட்டவருக்கு: விளிம்பை அரம் போட்டு மழுக்கி, அப்பா வாக்கிங் போகும் கைத்தடியில் டார்ச் மாட்டக் கொடுத்துவிட்டேன். தடி 31.8 இல்லை, டியூப் பட்டை மூன்று சுற்று.